வீகன் ஆன பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வேண்டும்!

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஆசிரியை ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். வயது 44. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். வீட்டில் மாடு உண்டு. பசு ஈன்ற காளைக்கன்றை ஐந்து மாதத்துக்கு முன் விற்றுவிட்டார்கள். "கன்று போன பிறகு ரெண்டு நாள் அது வாசலைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கு டம்ளரில் இருந்த காப்பி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை" என்கிறார். அன்றே கறி, மீன், முட்டை, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தி வீகன் ஆகிவிட்டார். நனிசைவம் என்று தமிழில் சொல்கிறார்களே, அதுதான்.

முதல் மாதம் வீம்பிலேயே ஓடிவிட்டது. மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருக்கிறார். வாசனை மாடி வரை வந்திருக்கிறது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே, கறித்துண்டைத் தொடாமல் இரண்டு கரண்டி குழம்பை மட்டும் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு அழுதிருக்கிறார். அப்புறம் ஆடியில் மாமியார் கிண்டிய கும்மாயம் என்ற உளுந்து இனிப்பு, அதில் நெய். காப்பியை விட்டதில் நாலு நாள் மண்டையிடி. ஆன்லைனில் வரவழைத்த 'சைவ சிக்கன்' விலைதான் கோழியைத் தாண்டியதே தவிர, ஒருவரும் இரண்டாம் வாய் வைக்கவில்லை.

இதற்கு நடுவில் வேறு சில செய்திகளையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். வீகன் ஆனால் சர்க்கரை தானாகக் குணமாகும் என்று கேள்விப்பட்டு, தினம் இரண்டாக இருந்த மாத்திரையை ஒன்றாக்கிவிட்டார். இரண்டு மாதமாகப் பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறது. "உடம்பில் சேர்ந்த கழிவு வெளியேறுகிறது" என்று யாரோ சமாதானம் சொல்லியிருக்கிறார்கள். பி12 சத்துக்குப் பழைய சோறும், பாலுக்குப் பதில் தேங்காய்ப் பாலும் போதும் என்று நம்புகிறார். ஒன்பது வயது மகளையும் மாற்ற ஆசை. கணவரோ, "நீ எப்படி வேண்டுமானாலும் இரு, பிள்ளையை இழுக்காதே" என்கிறார். மாசியில் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு வருகிறது. "ஆசைப்பட்ட ருசியை விடவும் முடியவில்லை, எடுத்த முடிவை விடவும் மனசில்லை. நான் தோற்றுவிட்டேனா?" என்பது கடைசி வரி.

அன்புச் சகோதரிக்கு,

தோற்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த இரண்டு கரண்டி குழம்பு இல்லை. போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்தான். அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்; அடுப்படிக்கு அப்புறம் வருவோம்.

முதலில் மாத்திரையும் பாதமும்

மாத்திரையை நீங்களாகக் குறைத்தது தவறு. பருப்பு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் என்று உணவு மாறி, எடையும் குறைந்தால் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்பது உண்மை. சிலருக்கு மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். ஆனால் 'வீகன்' என்ற பெயருக்கு அந்தச் சக்தி கிடையாது. இடியாப்பமும் வெள்ளைப் பணியாரமும் முழு வீகன்தான். சர்க்கரையை ஏற்றுவதில் அவற்றுக்குக் கொள்கை எதுவும் இல்லை. கறியையும் தயிரையும் நிறுத்தியவர்கள் அந்த இடத்தை அறியாமலே சோற்றால் நிரப்புவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். கருப்பட்டி என்றால் ஏறாது, கவுனி அரிசி என்றால் ஏறாது என்பதும் அப்படித்தான். இரண்டும் சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் சேரும்.

பாதத்தில் ஊரும் எறும்பு கழிவு வெளியேறுவதன் அடையாளம் இல்லை. நரம்பு ஏதோ சொல்கிறது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சர்க்கரை நோயே நரம்பைத் தாக்குவது. இன்னொன்று, பி12 குறைபாடு. ஐந்து மாத வீகன் உணவு மட்டும் பி12-ஐக் காலி செய்துவிடாது. ஈரலில் பல வருடத்துக்கான சேமிப்பு இருக்கும். ஆனால் மெட்ஃபார்மின் மாத்திரை நாள்பட எடுத்தால், பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆறு வருடமாக அந்தச் சேமிப்பு மெல்லக் கரைந்துகொண்டே வந்திருக்கலாம். இப்போது வரவையும் அடைத்துவிட்டீர்கள். நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அதுவும் பி12-ஐக் குறைக்கும்.

ஆகவே இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பிறகு பார்ப்பது, சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c), ரத்த அணுக்களின் எண்ணிக்கை, பி12 ஆகிய பரிசோதனைகளைக் கேளுங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முன் பி12 மாத்திரை எதையும் வாங்கிப் போட வேண்டாம். போட்டால் அளவு கூடித் தெரிந்து, குறைபாடு இருப்பதே தெரியாமல் போய்விடும். வீகன் ஆனதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். பி12 குறைபாட்டைக் காலத்தில் பிடித்தால் சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால் நரம்பில் நிரந்தரச் சேதம் தங்கிவிடலாம்.

பழைய சோறும் தேங்காய்ப் பாலும்

பழைய சோறு எனக்கும் பிடிக்கும். சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இருந்தால் வேறென்ன வேண்டும்? (மோர்மிளகாயில் தயிர் உண்டு என்பது உங்களுக்கு உறைத்ததா?) ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரையும் உதவாது. அதிலிருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றி, உடம்புக்குப் பயன்படாத ஒன்று. உங்கள் சமையலறையில் எதைத் தேடினாலும் கிடைக்காத சத்து இது. மருந்துக்கடையில் வாங்கத்தான் வேண்டும். அதைக் கிருமிகளை வளர்த்து நொதிக்க வைத்துத்தான் தயாரிக்கிறார்கள், எந்த மிருகத்திலிருந்தும் எடுப்பதில்லை என்பதால் மனசாட்சிக்கும் உறுத்தல் வேண்டாம்.

குறைபாடு இல்லாத வீகன்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு தினம் 10 மைக்ரோகிராம், அல்லது வாரத்துக்கு ஒருமுறை 2000 மைக்ரோகிராம். பத்து எங்கே, இரண்டாயிரம் எங்கே என்று தோன்றும். குடல் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம்தான் முறையாக உறிஞ்சும். மீதியில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அதனால் இந்தக் கணக்கு. குறைபாடு இருந்தால் கதை வேறு. ஊசியா மாத்திரையா, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

தேங்காய்ப் பால் பெயரளவில்தான் பால். அரை லிட்டர் பசும்பாலில் சுமார் 16 கிராம் புரதமும் 600 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கும். தேங்காய்ப் பாலில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. ருசிக்கு ஊற்றலாம், சத்துக்கு எண்ணக்கூடாது.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. உங்களுக்குக் கூழை விட, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை நல்லது. சர்க்கரை மெதுவாக ஏறும். புரதத்துக்கு, 60 கிலோ எடையானால் தினம் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் 25 கிராம் புரதம் இருக்கிறது. மீதிக்கு மத்தியானம் பருப்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல். இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட, சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள். காப்பியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மீனை நிறுத்தியதால் அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள்.

அந்தக் குழம்பு

இப்போது அடுப்படிக்கு வருவோம். அன்றைக்கு நீங்கள் கறித்துண்டைத் தொடவில்லை, குழம்பைத்தான் ஊற்றிக்கொண்டீர்கள். அழுகையில் இதை நீங்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். கோழியை வெறும் உப்புப் போட்டு வேகவைத்துத் தந்திருந்தால் மாடியிலிருந்து இறங்கி வந்திருப்பீர்களா? உங்களை இறக்கிக் கொண்டுவந்தது நல்லெண்ணெயில் பொரிந்த சோம்பும் பட்டையும் கல்பாசியும், வறுத்து அரைத்த மல்லியும் மிளகும், வதங்கிய சின்ன வெங்காயமும். கல்பாசி பாறையிலும் மரத்திலும் படர்கிற, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளர்கிற ஒன்று. இதில் எதற்கும் உயிர் போகவில்லை.

ஆனாலும், கறியிலிருந்து இறங்குகிற கொழுப்பும் சாறும் குழம்புக்கு ஒரு கனம் கொடுக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் வெறும் உருளைக்கிழங்கைப் போட்டால் குழம்பு தண்ணீராக நிற்கும். நாலு வாரத்தில் மனசு மறுபடி கோழிக்கே போகும். தேங்காயோடு கசகசாவைக் கொஞ்சம் கூடுதலாக வைத்து அரையுங்கள். கைப்பிடி காளானைப் பொடியாக நறுக்கி, தண்ணீர் வற்றிச் சிவக்கும் வரை வெங்காயத்தோடு வதக்குங்கள். கறிச்சாற்றின் ருசிக்கு மிக அருகில் வரும். மீல்மேக்கரைக் கொதிநீரில் உப்புப் போட்டு ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து, சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்த எண்ணெயில் ஓரம் முறுகும் வரை புரட்டிய பிறகே குழம்பில் போடுங்கள். பிழியாமல் போட்டால் ஒரு பச்சை வாசனை அடிக்கும். பிஞ்சுப் பலாக்காய் நாருக்கு நன்றாக இருக்கும், ஆனால் புரதம் மிகக் குறைவு. கூடவே கறுப்புக் கொண்டைக்கடலையையும் சேருங்கள்.

கோளா உருண்டைக்குக் கவலையே வேண்டாம். வாழைப்பூவிலும் வாழைக்காயிலும் கோளா போடுவது உங்கள் பக்கத்துச் சமையலில் எப்போதும் இருப்பதுதான். முட்டை விட்டால்தான் சேரும் என்பதில்லை, பொட்டுக்கடலை மாவே பிடித்துக்கொள்ளும். கருவாட்டுக்கு ஏங்கும்போது சுண்டைவற்றலும் மொச்சையும் போட்ட புளிக்குழம்பு வையுங்கள். அதே வாசனை வராது, ஆனால் சோற்றை இழுக்கிற அந்தச் சுள்ளென்ற உப்பு வரும். அரிசி களைந்த கழுநீரில் வைக்கிற வெண்டைக்காய் மண்டி, கத்திரிக்காய் வதக்கல், வரமிளகாய்த் துவையல் என்று, கடிதத்தில் நீங்கள் போட்டிருக்கிற உணவுப் பட்டியலில் 'ஆறுதல்' என்று நீங்களே எழுதியிருக்கிற பன்னிரண்டில் ஏழு ஏற்கெனவே வீகன். எண்ணிப் பார்த்தேன். பால் பணியாரத்தை 'போச்சு' பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். தேங்காய்ப் பாலில் ஊறப்போடுகிற வீடுதானே அதிகம்? உங்கள் வீட்டில் எப்படி என்று கேளுங்கள். (நிறைய வேண்டாம், சர்க்கரை!) கும்மாயத்தையும் நல்லெண்ணெயில் கிண்டலாம். உளுந்தங்களிக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிறவர்கள்தானே நாம்.

பெட்டியில் வருகிற 'சைவ சிக்கனை' நான் பரிந்துரைப்பதில்லை. விலை ஒரு பக்கம், உப்பும் எண்ணெயும் ஒரு பக்கம். இத்தனை மசாலா தெரிந்த ஊரில் அது எதற்கு?

காப்பியும் மோரும்

மண்டையிடி பாலை விட்டதால் வரவில்லை. காப்பியை விட்டதால் வந்தது. விட வேண்டியது பாலை மட்டும்தானே? இனிப்புச் சேர்க்காத சோயாப் பாலை வாங்குங்கள். சுண்ணாம்புச் சத்து சேர்த்தது என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. கொதிக்கிற டிகாஷனில் சோயாப் பாலைக் கொட்டினால் திரிந்துவிடும். பாலை மிதமாகச் சூடாக்கிக்கொண்டு, சற்று ஆறிய டிகாஷனை அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஓட்ஸ் பாலில் ருசி கூட, சர்க்கரையும் கூட. நான் காப்பிக்கு அடிமை என்பதால் சொல்கிறேன்: முதல் பத்து நாள் எதுவும் பிடிக்காது. பதினோராம் நாள் பழகிவிடும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் குடிப்பீர்கள்.

மோருக்கு நிலக்கடலைத் தயிர் இருக்கிறது. கடலையை ஊறவைத்து அரைத்து வடிகட்டி, கொதிக்கவைத்து ஆற்றி, மிளகாய்க் காம்பு நாலைந்தைப் போட்டு ஒரு இரவு மூடி வையுங்கள். முதல் முறை சுமாராகத்தான் உறையும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுமுறை உறை ஊற்றினால் கெட்டியாகும். தாளித்து மோராக்கினால் கடலை வாசனை தெரியாது.

கடையில் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். பாலும் நெய்யும் தேனும் சேர்ந்ததற்கும் அதே பச்சைப் புள்ளிதான். வீகன் உணவுக்கென்று 2022-ல் தனி விதிமுறை வந்திருக்கிறது. அந்த முத்திரையில் பச்சை நிறத்தில் ஆங்கில 'வி' எழுத்தும் ஒரு சிறு இலையும் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் இன்னும் அரிது, ஆகவே பின்பக்கத்தில் பால் பொடி இருக்கிறதா என்று படியுங்கள். பிஸ்கட்டில் பெரும்பாலும் இருக்கும்.

மகளும் மாமியாரும் குலதெய்வமும்

மகள் விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம். வளர்கிற பிள்ளைக்கு வீகன் உணவு ஆகாது என்று சொல்லவில்லை. பி12, புரதம், சுண்ணாம்புச் சத்து, இரும்பு எல்லாவற்றையும் திட்டமிட்டு, குழந்தை மருத்துவர் கண்காணிப்பில் செய்தால் முடியும். ஆனால் உங்கள் சாப்பாட்டையே நீங்கள் இன்னும் நேர்செய்து முடிக்கவில்லை. அவள் பாலையும் முட்டையையும் இப்போது நிறுத்தாதீர்கள். அந்தக் கன்றுக்குட்டி கதையை அவளும் பார்த்தவள்தானே? பெரியவளானதும் அவளே கேட்டால், அப்போது பேசிக்கொள்ளலாம்.

கிடா வெட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். பொங்கல் வைக்கவும் மாவிளக்கு ஏற்றவும் ஆள் வேண்டியிருக்கும். பந்தியில் உட்காராமல் பரிமாறாமல் ஒதுங்கிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. மற்றவர்களுக்கு அங்கே பாடம் எடுக்க வேண்டாம். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கிறவர்களுக்காக வீடே கவிச்சியை விடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் வீட்டார். விரதம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். 'வீகன்' என்ற சொல்தான் அவர்களுக்கு அந்நியம். "எனக்கு விரதம் மாதிரி" என்று சொல்லிப் பாருங்கள், பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

பட்டுக்குப் புழு சாகிறதே, இருக்கிற பட்டுச் சேலைகளை என்ன செய்வது என்றும் கடிதத்தில் ஒரு வரி. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் 'வீகன்' என்ற சொல்லை உண்டாக்கித் தொடங்கிய சங்கம், இதற்கு இன்று தருகிற விளக்கத்திலேயே 'இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்று இருக்கிறது. ஆகவே இருப்பதைக் கட்டுங்கள். புதிதாக வாங்கும்போது கண்டாங்கிப் பருத்தி வாங்குங்கள். மாத்திரையின் உறையில் மிருகப் பொருள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து மருந்தை நிறுத்துகிற வேலையும் வேண்டாம். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் பழைய சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்திருக்கிறது. அதற்காகச் சுவரில் சாயாமல் இருக்க முடியுமா?

மாமியாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று தொடங்கினால் சண்டையில்தான் முடியும். ஞாயிற்றுக்கிழமை அவர் மசாலாவை வதக்கி, கோழியைப் போடுவதற்கு முன், நாலு கரண்டியை எடுத்து உங்கள் வாணலியில் ஊற்றச் சொல்லுங்கள். உங்கள் மீல்மேக்கரும் கடலையும் அதில் கொதிக்கட்டும். கைப்பக்குவம் அவருடையதாகவே இருக்கும். நீங்கள் அவர் சமையலை வெறுத்து விலகவில்லை என்பதும் அவருக்குப் புரியும். கடிதத்தைப் படித்தால் அவர் கோபத்துக்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் ரத்தப் பரிசோதனை அதற்கு முன்னால். முடிவு வந்ததும் எண்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். பாதத்தில் உணர்ச்சி மரத்தாலோ, நடக்கும்போது தடுமாறினாலோ, எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.